தனித்து நிற்கும் குளியல் தொட்டியும் பழைய மரச்சாமான்களும்: ஒரே அறையில் வைக்கலாமா?

நிலைக்கதவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மேல்தளத்தில் ஒரு படுக்கையறையைக் குளியலறையாக மாற்றுகிறோம். 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒரு பெரிய சன்னல். இவ்வளவு இடம் கிடைத்த பிறகு சுவரோடு சேர்த்துக் கட்டிய தொட்டி வேண்டாம், நான்கு பக்கமும் விலகி நிற்கும் தொட்டிதான் வேண்டும் என்பதில் எனக்கும் கணவருக்கும் ஒரே கருத்து. சண்டையெல்லாம் மற்ற சாமான்களைப் பற்றித்தான்.

தலைமுறை தாண்டி வந்த நான்கு பொருள்கள் எங்களிடம் இருக்கின்றன. முதலாவது, இரட்டைக் கதவு வைத்த தேக்கு அலமாரி. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், கதவுகளில் கொடிவேலைப்பாடு. இரண்டாவது, மூன்று இழுப்பறை கொண்ட மேசை. அதன் முகப்பில் மெல்லிய மரத்தகடு ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, பிரம்பு பின்னிய நாற்காலி. நான்காவது, பொன்பூச்சுச் சட்டமிட்ட நிலைக்கண்ணாடி. ஓரங்களில் கறுத்துப் போயிருக்கிறது.

துண்டுகளை அலமாரியிலும் சின்னச் சாமான்களை இழுப்பறைகளிலும் வைத்துவிட்டு, நாற்காலியைத் தொட்டியருகில் போட எனக்கு ஆசை. கணவர் நீராவியில் எல்லாம் பாழாகும் என்கிறார். அறையை வடிவமைப்பவரோ இழுப்பறை மேசையின் மேற்பலகையில் வட்டமாக வெட்டி வாஷ்பேசினை இறக்கிவிடலாம் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

புதுவாசல்

சகோதரி, ஆசை புரிகிறது. ஆனால் மரத்துக்கும் தண்ணீருக்கும் ஒத்துவராது. பழைய சாயலில் ஈரம் தாங்கும் புதுப் பலகையில் செய்துகொள்ளுங்கள். அசலைக் கூடத்தில் பத்திரமாக வைத்திருங்கள். அதுதான் இருவருக்கும் நல்லது.

உளிச்சத்தம்

புதுவாசல் தம்பி நல்ல மனத்தோடு சொல்கிறார், ஆனால் மரத்துக்கும் தண்ணீருக்கும் ஒத்துவராது என்பதை நான் ஏற்க மாட்டேன். படகு மரத்தில்தான் கட்டினார்கள், கிணற்று ராட்டினமும் மரம்தான். மரத்தைக் கெடுப்பது ஈரம் அல்ல, ஈரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வருவது. இன்னொன்று, தேங்கி நிற்கும் ஈரம். இந்த இரண்டையும் தடுத்துவிட்டால் குளியலறையிலும் மரம் நிற்கும்.

நான் பழைய சாமான்களைச் சீர்செய்யும் தொழிலில் இருப்பவன். என் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டது? அழகு, வயது, பரம்பரைப் பெருமை எல்லாம் அதற்குப் பிறகு. அம்மா சொன்ன நான்கையும் அப்படியே பார்ப்போம்.

தேக்கு அலமாரி. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாது. அதைவிட முக்கியம் கதவின் கட்டுமானம். சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய தச்சர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஈரம் ஏறினால் பலகை காடிக்குள்ளேயே விரியும், காய்ந்தால் சுருங்கும், சட்டம் அசையாது. இடையில் யாராவது அந்தக் காடியை வண்ணமோ பசையோ கொண்டு அடைத்திருந்தால் பலகை நகர வழியின்றி நடுவில் பிளக்கும். மெல்லிய கத்தி முனையால் ஓரத்தைத் தடவினால் அடைபட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இழுப்பறை மேசை. இது எனக்குக் கவலை தருகிறது. அந்தக் காலத்து மரத்தகடு வச்சிரப் பசையில் ஒட்டியது. வச்சிரம் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகிவிடும். தகட்டைக் கழற்ற நாங்களே வெந்நீர்த் துணியும் சூடும்தான் பயன்படுத்துகிறோம். நீராவி நிற்கும் அறையில் அந்த வேலை தானாகவே நடக்கும். முதலில் ஒரு மூலை எழும், பிறகு அதற்குள் தூசியும் ஈரமும் போய் முகப்பெல்லாம் கொப்புளமாகும். அந்த மேசை குளியலறைக்கு வேண்டாம் அம்மா. வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியே அதோடு முடிந்துவிடும்.

பிரம்பு நாற்காலி. தயங்காமல் வையுங்கள். பிரம்பு வறண்ட சூட்டில்தான் நொறுங்கும், காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் அதற்கு நல்லது. தொய்ந்த பின்னலின் அடிப்பக்கத்தை நனைத்துக் காயவிட்டால் இறுகிக்கொள்ளும், அது எங்கள் பழைய வழக்கம். சொட்டச் சொட்ட நனைந்த துண்டை அதன்மேல் தினமும் போட்டு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கண்ணாடியைப் பற்றி ஈரமானி சொல்லட்டும், அவருக்குத் தெரிந்த துறை.

ஈரமானி

உளிச்சத்தம் ஐயா சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன். பழம்பொருள் பாதுகாப்பில் வேலை செய்கிறேன்.

மரம் சுற்றியுள்ள காற்றோடு தன் ஈரத்தைச் சமன்செய்துகொள்ளும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக நிலைத்திருந்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9 விழுக்காட்டில் நிற்கும். காற்று 80 விழுக்காட்டிலேயே இருந்தால் மரம் 16 விழுக்காட்டுக்குப் போகும். 45 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை இந்த மாற்றத்தில் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை விரியும், அறுத்த திசையைப் பொறுத்து. நீள வாக்கில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் உளுத்துப்போகும் அபாயம் தொடங்குகிறது. பூஞ்சணத்துக்கு அவ்வளவும் வேண்டாம், மேற்பரப்பை ஒட்டிய காற்று 80 விழுக்காட்டுக்கு மேல் சில நாள் நின்றாலே போதும்.

ஆனால் பயந்துவிட வேண்டாம். தடித்த பலகை முழுவதும் சமநிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அரை மணி நேரக் குளியலில் எழும் ஆவி மேல்தோலை மட்டும் தொடும். ஆவியை உடனே வெளியேற்றிவிட்டால் பலகையின் உள்பகுதிக்கு அது தெரியவே தெரியாது. அறையின் சராசரி ஈரம் எவ்வளவு என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மெல்லிய தகடு, பொன்பூச்சு, பசை ஆகியவைதான் அந்த அரை மணி நேரத்துக்கே அசைந்துகொடுப்பவை.

அதனால் சகோதரியிடம் முதலில் ஒன்று கேட்கிறேன்: அந்த அறையில் ஷவர் இருக்கிறதா? தொட்டிக் குளியல் வேறு, ஷவர் வேறு. ஷவரில் வெந்நீர் பொடித்துளிகளாகச் சிதறுவதால் ஆவி பல மடங்கு எழுகிறது, சுவரெல்லாம் தெறிக்கிறது. தொட்டியில் நீர் அசையாமல் கிடக்கிறது. முதலில் குளிர்ந்த நீரைக் கொஞ்சம் திறந்து, பிறகு வெந்நீரை விட்டால் ஆவி இன்னும் குறையும். தொட்டிமேல் வளையம் கட்டித் திரை தொங்கவிட்டு ஷவரும் வைப்பார்கள் சிலர். பழைய சாமான் உள்ள அறையில் அதை மட்டும் செய்யாதீர்கள். ஷவர் கட்டாயம் வேண்டுமென்றால் கண்ணாடித் தடுப்புக்குள் மூலையில் வையுங்கள்.

வெளியேற்று விசிறி நொடிக்கு 25 லிட்டர் காற்றையாவது இழுக்க வேண்டும். உங்கள் அறை பெரியது, கூடுதலாகவே வையுங்கள். குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடும்படி நேரக்கருவி பொருத்துங்கள். கதவின் அடியில் காற்று புகச் சிறு இடைவெளி இல்லையென்றால் எவ்வளவு பெரிய விசிறியும் சும்மா சுற்றும்.

இனி நிலைக்கண்ணாடி. அது எந்தக் காலத்தது என்று தெரியாமல் உள்ளே கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியின் பின்புறம் வெள்ளியை வேதிமுறையில் படிய வைக்கும் வழியை யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் 1835இல் கண்டறிந்தார். அது பரவும்வரை வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சுதான் வழக்கம். அப்படிப்பட்ட கண்ணாடியிலிருந்து பாதரசம் இன்றும் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். சூடான, மூடிய சிற்றறையில் அதை வைப்பது ஆளுக்கும் நல்லதல்ல, கண்ணாடிக்கும் நல்லதல்ல. வெள்ளிப் பூச்சாக இருந்தாலும் ஓரத்தில் கறுப்பு தொடங்கிவிட்டது என்கிறீர்கள். ஈரம் அந்த ஓரம் வழியாகத்தான் உள்ளே ஊரும். பொன்பூச்சுச் சட்டத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கட்டிப் பொடியும் பசையும், அது ஈரத்தில் உதிரும்.

நிலைக்கதவு

இருவருக்கும் மிக்க நன்றி. ஷவர் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறது, இங்கே வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்துவிட்டோம். அலமாரிக் கதவின் காடியைக் கத்தியால் தடவிப் பார்த்தேன் ஐயா. ஒரு கதவில் பலகை தாராளமாக அசைகிறது. மற்றொன்றில் கீழ்மூலையில் மட்டும் பழைய வண்ணம் அடைத்திருக்கிறது. அதை நானே சுரண்டி எடுக்கலாமா?

உளிச்சத்தம்

சுரண்டாதீர்கள் அம்மா. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகச் சுரண்டினாலோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ அந்தத் தூள் மூச்சில் போகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது பெரிய தீங்கு. முதலில் ஈயச் சோதனைக் குச்சி வாங்கிப் பாருங்கள். ஈயம் இருந்தால் முகமூடி அணிந்து, நனைத்துத்தான் எடுக்க வேண்டும். தெரிந்த ஆளிடம் விடுவது மேல்.

அப்படியே இன்னொன்றும் பாருங்கள். அலமாரியைச் சாய்த்துக் காலின் அடியைக் கவனியுங்கள். அங்கே மரத்தின் வெட்டுமுகம் தெரியும், நுண்துளைகள் எல்லாம் தரையைப் பார்த்திருக்கும். அந்த முகம் வழியாகத்தான் தண்ணீர் மேலே ஏறும். பக்கவாட்டில் ஒரு சொட்டு காய்ந்துவிடும், அடியில் தேங்கிய சொட்டை மரம் உறிஞ்சிக்கொள்ளும். காலின் கீழ்ப்பகுதியில் கருமையான வளையம் இருந்தால் முன்பே ஒருமுறை ஈரத்தில் நின்றிருக்கிறது என்று பொருள். சிறு துளைகளும், அவற்றின் கீழே மாவு போன்ற புதுத் தூளும் இருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. தேக்கின் நடுவயிரத்தை அது எளிதில் தொடாது, ஆனால் முதுகுப் பலகைக்கு மலிவான மரம் போட்டிருப்பார்கள். அங்கே பாருங்கள். தூள் இருந்தால் மருந்து போட்டு முடிக்கும்வரை எந்த அறைக்கும் கொண்டுபோகக் கூடாது.

செங்குத்துக்கோடு

நடுவில் புகுவதற்கு மன்னியுங்கள். நான் கட்டமைப்புப் பொறியாளர். மேல்தளம் என்று படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

தொட்டி எதில் செய்தது? வார்ப்பிரும்பு என்றால் வெறும் தொட்டியே 150 கிலோ அளவில் இருக்கும். தண்ணீர் 180 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே 180 கிலோ. குளிப்பவர் 70. மொத்தம் 400 கிலோ. தொட்டி அடைக்கும் இடம் ஏறத்தாழ 1.3 சதுர மீட்டர், ஆக சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். வீட்டுத் தளத்துக்குப் பல நாடுகளின் விதிகள் எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை 150 முதல் 200 கிலோதான். இதனால் தளம் இடிந்துவிடும் என்று பொருளல்ல. அந்த எண் தளம் முழுவதும் பரவிய சுமைக்கானது, கான்கிரீட் தளம் ஓரிடத்துச் சுமையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். மரச்சட்டங்கள் மேல் போட்ட தளமாக இருந்தால் நிலைமை வேறு. கட்டாயம் ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

விலங்கின் நகம் போன்ற நான்கு கால்கள் வைத்த நகக்கால் தொட்டியில் இன்னொரு சிக்கல். 400 கிலோவும் நான்கே கால்களில் இறங்குகிறது, கால் ஒன்றுக்கு 100 கிலோ. அது உள்ளங்கை அளவு இடத்தில் உட்காருகிறது. அங்கே ஓட்டின் அடியில் சாந்து முழுதாகப் படியாமல் வெற்றிடம் இருந்தால் ஓடு விரிசல் விடும். தொட்டியின் கால் எங்கே வரும் என்று முன்பே குறித்துக் கொடுத்து, அந்த ஓடுகளை முழுச் சாந்தில் பதிக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் தொட்டி என்றால் தொட்டியின் எடை 40 கிலோ அளவில் இருக்கும், மொத்தத்தில் 100 கிலோவுக்கு மேல் குறையும்.

அலமாரியும் துணியோடு சேர்த்துக் கனமானது. தொட்டியை அறை நடுவில் வைத்தால், அலமாரி தாங்குசுவரை ஒட்டியே நிற்கட்டும்.

வெண்கலப்பூண்

எடையைப் பற்றிப் பேசியாயிற்று, இனிக் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். நான் உள்ளக வடிவமைப்பாளர்.

பழைய மரச்சாமான் குளியலறைக்கு அந்நியம் என்ற எண்ணமே தவறு. பந்தைப் பிடித்திருக்கும் நகக்கால் முதலில் வந்தது தொட்டியில் அல்ல, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நாற்காலிகளிலும் மேசைகளிலும். முத்தைப் பிடித்திருக்கும் சீன டிராகனின் நகத்திலிருந்து அந்த வடிவம் வந்தது என்று பலர் கருதுகிறார்கள். அமெரிக்காவில் ஜான் மைக்கேல் கோலர் 1883இல் கால்நடைக்கான வார்ப்பிரும்புத் தொட்டிக்குப் பீங்கான் பூச்சுக் கொடுத்து, நான்கு கால் மாட்டிக் குளியல் தொட்டியாக்கினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் வசதியான வீடுகளின் முதல் குளியலறைகள் பெரும்பாலும் படுக்கையறையை மாற்றி அமைத்தவைதான். மரப்பலகைச் சுவர், அலமாரி, தரைவிரிப்பு எல்லாம் அங்கே இருந்தன. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய பிறகுதான் வெள்ளை ஓடும் சுவரோடு சேர்த்துக் கட்டிய தொட்டியும் வந்து மரத்தை வெளியே தள்ளின. சகோதரி செய்வது புதுமையே அல்ல, அந்த அறையின் பழைய இயல்பு அது.

ஆனாலும் உங்கள் அலமாரிக்கு நகக்கால் தொட்டி வேண்டாம் என்பேன். கதவில் ஏற்கெனவே கொடிவேலைப்பாடு இருக்கிறது. அதற்கு எதிரே இன்னொரு வேலைப்பாடு வந்தால் இரண்டும் போட்டியிட்டு, அறை காட்சிச்சாலை போலாகிவிடும். எந்த அலங்காரமும் இல்லாத, முட்டை வடிவத் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியில் நேர்கோடே கிடையாது, அலமாரி முழுவதும் நேர்கோடு. அந்த வேறுபாடே போதும். தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கும், அலமாரி 2 மீட்டர். நடுவில் ஒரு உயரம் வேண்டும், இல்லாவிட்டால் அலமாரி தொட்டியை அழுத்துவது போல் தோன்றும். நாற்காலியின் முதுகுச்சாய்வு அந்த வேலையைச் செய்யும்.

தொட்டியின் வெள்ளையையும் கவனியுங்கள். நீலம் கலந்த கண்கூசும் வெள்ளை தேக்கின் பழுப்பை அழுக்காகக் காட்டும். சற்றுப் பாலேறிய வெள்ளையைத் தேடுங்கள். குழாய்க்கு மேற்பூச்சு இல்லாத பித்தளை நல்லது. காலப்போக்கில் கறுத்து, அலமாரியின் கீல்களோடு தானாகவே சேர்ந்துகொள்ளும்.

உளிச்சத்தம்

நகக்கால் பற்றி வெண்கலப்பூண் அம்மாவோடு எனக்கு உடன்பாடில்லை. வேலைப்பாடு செய்த கைகள் ஒன்றையொன்று அறியும். நகக்கால் மரச்சாமானிலிருந்து வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டு இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? ஆனால் மேல்தளத்துக்கு எடை குறைவது நல்லது என்பதால் இங்கே மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

தண்ணீர்வழி

குழாய் வேலை செய்பவன். தனித்து நிற்கும் தொட்டி வாங்குவோர் கடைசியில் நினைப்பதை முதலில் நினையுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும். தரையிலிருந்து எழும் குழாய் வேண்டுமென்றால் ஓடு பதிக்கும் முன்பே தொட்டியின் இடம் சென்டிமீட்டர் கணக்கில் முடிவாகிவிட வேண்டும். பிறகு ஒரு சாண் நகர்த்துவதும் தரையை உடைப்பதும் ஒன்றுதான். வடிகால் இணைப்பை எட்டிப் பார்க்கவும் கழற்றவும் வழி வையுங்கள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் 15 செ.மீ.யாவது விடுங்கள், கை போய்த் துடைக்க முடியாத இடத்தில் அழுக்கும் ஈரமும் தங்கும். இறங்கும் பக்கம் 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தரை நீர்வடிகாலை நோக்கிச் சாயட்டும், மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர். சாய்வு அலமாரியின் பக்கம் போகக் கூடாது.

இழுப்பறை மேசையில் வாஷ்பேசின் பற்றி: வெட்டுவது மேற்பலகையோடு நிற்காது. கீழே வளைகுழாய் வர வேண்டும், அதற்காக மேல் இழுப்பறையின் நடுவைக் குடைந்தெடுக்க வேண்டும், பின்பலகையிலும் ஓட்டை போட வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்.

நிலைக்கதவு

அப்படியானால் மேசை படுக்கையறையிலேயே இருக்கும், அதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. ஆனால் வாஷ்பேசினுக்கு ஏதாவது பழைய பொருள் வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

ஈரமானி

அதற்கு நேரான விடை இருக்கிறது சகோதரி. குழாய்நீர் வீட்டுக்குள் வராத காலத்தில் கிண்ணமும் கூஜாவும் வைத்து முகம் கழுவுவதற்கென்றே மேசை செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் செய்தவற்றில் பலவற்றுக்குச் சலவைக்கல் மேற்பரப்பு, பின்னால் தெறிப்பைத் தடுக்கும் சிறு கல்சுவர். தண்ணீர் சிந்தும் என்று தெரிந்தே செய்த சாமான் அது. உயரம் இன்றைய வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும், 75 செ.மீ. அளவில். மேலே கிண்ணம் போன்ற வாஷ்பேசினை வைத்தால் விளிம்பு 90 செ.மீ.க்கு வந்துவிடும், நிற்பவருக்கு அதுவே வசதி. குழாயைச் சுவரில் பொருத்தினால் கல்லில் வடிகாலுக்கு ஒரே ஒரு துளை போதும். அந்தத் துளையும் மனம் ஒப்பவில்லையென்றால் அசல் கல்லைக் கழற்றி வைத்துவிட்டு அதே அளவில் புதுக்கல் போடுங்கள். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். பின்னாளில் யாரேனும் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினால் வழி திறந்திருக்கும்.

சலவைக்கல்லில் எலுமிச்சை, வினிகர், அமிலக் கழுவுநீர் எதையும் ஊற்றாதீர்கள். கல்லின் பளபளப்பை அரித்துவிடும்.

புதுவாசல்

ஐயா, அலமாரியின் மேல்பூச்சை என்ன செய்வது? பாலியூரித்தேன் இரண்டு கை அடித்துவிட்டால் தண்ணீர் பயமே இல்லையே?

உளிச்சத்தம்

தம்பி, முதலில் இப்போது என்ன பூச்சு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கதவின் உள்புறம், கண்ணில் படாத மூலையில், பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் பிசுபிசுத்துப் பஞ்சோடு வந்தால் அது அரக்குப் பாலிஷ். அசையாமல் இருந்தால் வார்னிஷோ பின்னாளில் அடித்த வேறு பூச்சோ. அரக்கு என்றால் அதன்மேல் பாலியூரித்தேன் அடிப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். மரத்தின்மேல் கண்ணாடித்தாள் போட்டது போலிருக்கும். ஓரிடத்தில் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, முழுவதையும் உரித்தெடுக்க வேண்டும். உரிக்கும்போது நூறாண்டுப் பளபளப்பும் கூடவே போகும். அரக்கில் எங்கே தேய்ந்ததோ அங்கே மட்டும் தொட்டுவிடலாம்.

வெண்கலப்பூண்

ஆனால் ஐயா, அரக்கில் தண்ணீர் நின்றால் வெள்ளை பூக்கிறதே? தினமும் புழங்கும் இடத்தில் வாடிக்கையாளர் அதைப் பொறுக்க மாட்டார். கையும் தண்ணீரும் படும் மேற்பரப்புக்காவது கடினப்பூச்சு வேண்டும் என்பது என் கருத்து.

ஈரமானி

இருவர் சொல்வதும் வெவ்வேறு ஈரத்தைப் பற்றியது. தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அரக்கு பலவீனம், வெள்ளை பூக்கும், உண்மை. ஆனால் காற்றிலுள்ள ஆவியைத் தடுப்பதில் அரக்கு மிக நல்லது. ஆளிவிதை எண்ணெய் பூசினால் மரம் அழகாக இருக்கும், ஆவியை ஏறக்குறையத் தடுக்கவே தடுக்காது. தொட்டியிலிருந்து தள்ளி நிற்கும் அலமாரிக்கு எதிரி ஆவிதான். ஆகவே அரக்கு இருக்கட்டும், அதன்மேல் மெழுகு தேய்த்துக்கொள்ளலாம், சிந்தினால் உடனே துடைக்கலாம். தினமும் தண்ணீர் படும் இடத்துக்குக் கல் இருக்கிறது, அங்கே மரத்துக்குப் பூச்சே தேவையில்லை.

பூச்சில் எல்லோரும் மறப்பது பின்புறம். முகப்புக்கு நான்கு கை அடித்து முதுகுப் பலகையைப் பூச்சே இல்லாமல் விட்டால், ஒரு பக்கம் ஈரத்தைக் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது. பலகை கிண்ணம் போல் வளைவதற்கு அதுவே காரணம். உள்புறம், முதுகு, அடிப்பலகை எல்லாவற்றுக்கும் அதே பூச்சு. காலின் வெட்டுமுகத்துக்கு மட்டும் எப்பாக்சி, அடியில் சிறு பித்தளை உறையோ கல்வில்லையோ. சுவரிலிருந்து 4 செ.மீ. தள்ளி வையுங்கள், முதுகில் காற்று ஓட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், குளிர்ந்த சுவரில் ஆவி நீராகப் படியும்.

நிலைக்கதவு

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்கள்! இன்னும் ஒன்று. தொட்டிக்கு மேலே பழைய பித்தளைச் சரவிளக்கு தொங்கவிட வடிவமைப்பவர் வரைந்திருக்கிறார்.

செங்குத்துக்கோடு

வேண்டாம். பல நாடுகள் பின்பற்றும் பன்னாட்டு மின்விதிப்படி தொட்டிக்கு நேர் மேலே தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம்வரை ஒரு வலயம், தொட்டியின் ஓரத்திலிருந்து 60 செ.மீ.வரை அடுத்த வலயம். அவற்றுக்குள் ஈரம் தாங்கும் தரச்சான்று பெற்ற விளக்கு மட்டுமே வரலாம். அமெரிக்க விதி இன்னும் கடுமை: தொட்டி ஓரத்திலிருந்து கிடைமட்டமாக 3 அடியும் மேலே 8 அடியும் தொங்கு விளக்குக்கு இடமே இல்லை. எழுந்து நிற்பவர் நனைந்த கையை உயர்த்தினால் எட்டக்கூடிய உலோகம் அது. பழைய விளக்கென்றால் உள்ளே கம்பி எந்த நிலையில் இருக்கிறதோ. சரவிளக்கு உங்கள் மேசையோடு படுக்கையறைக்குப் போகட்டும். குளியலறை மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நிலைக்கதவு

கணவரும் இழை முழுவதையும் படித்துவிட்டார். முடிவு இப்படி: அக்ரிலிக் தொட்டி, முட்டை வடிவம், சன்னலுக்கு இணையாக. உள்சுவரை ஒட்டித் தேக்கு அலமாரி, தொட்டிக்கும் அதற்கும் நடுவில் 1.4 மீட்டர் கிடைக்கிறது. நடுவில் பிரம்பு நாற்காலி. சலவைக்கல் மேசை தேடத் தொடங்கிவிட்டோம். கண்ணாடிக்குப் புதியதையே மாட்டுகிறோம், பழையதை யாரிடமாவது காட்டிப் பூச்சைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வேறு அறையிலும் வைப்போம். ஓட்டு வேலை முடிந்ததும் அலமாரியை உள்ளே நகர்த்திவிடலாம் அல்லவா?

ஈரமானி

உடனே வேண்டாம் சகோதரி. புதிய தளச்சாந்தும் பூச்சுச் சுவரும் நிறைய நீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். தளச்சாந்து நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் காயும் என்பது பொது வழக்கு. 40 மில்லிமீட்டர் போட்டிருந்தால் நாற்பது நாள், அதுவும் நல்ல காற்றோட்டத்தில். நீங்கள் ஒருமுறைகூடக் குளிக்காமலேயே அந்த அறை ஈரமாகத்தான் இருக்கும். ஓர் ஈரப்பதமானி வாங்கி அலமாரி நிற்கப்போகும் இடத்தில் வையுங்கள். குளித்து விசிறி நின்ற ஒரு மணி நேரத்தில் எண் 60 விழுக்காட்டுக்குக் கீழே திரும்பி, சில வாரம் அப்படியே இருந்தால் அலமாரியைக் கொண்டுபோகலாம். முதல் மாதம் கதவுகளைத் திறந்தே வையுங்கள், உள்ளே துணி அடுக்காதீர்கள்.

உளிச்சத்தம்

கீல் ஆணிகளையும் அந்த மாதத்தில் ஒருமுறை பாருங்கள் அம்மா. பித்தளை ஆணியாக இருந்தால் அப்படியே விடுங்கள். இரும்பு ஆணி இருந்தால் இப்போதே பித்தளைக்கு மாற்றிவிடுங்கள், இரும்பு துருப்பிடித்தால் கறை மரத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. பழைய ஆணிகளைத் தூக்கிப்போடாமல் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் உள்தட்டிலேயே வைத்துவிடுங்கள்.